உங்கள் மகள் என் பெயரைச் சொல்லிக் கத்தியது பற்றி

கரகோல்,
புதன்கிழமை மதியம்

மேலே கோடை மேய்ச்சலில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஷார்ஷென் அவர்களுக்கு, கீழேயிருந்து தெமிர்குல் எழுதுவது. உயிர்களும் மந்தையும் சுகமா? குதிரைகள் சுகமா, பெட்டைகள் பால் நன்றாகக் கொடுக்கின்றனவா, சம்பந்தியம்மாவின் மூட்டுவலி மலைக்காற்றில் தேவலையா, போன முறை என் தொப்பியைக் கடித்த உங்கள் நாய் சுகமா? எல்லாரும் சுகமாகவே இருக்க வேண்டும். நாங்களும் சுகம். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், குதிரைப்பால் குமிஸ் வாங்க உங்களிடம் வருகிற லாரிக்காரன் நேற்றே வந்து வேறு மாதிரிச் சொல்லியிருப்பான். அவன் பாதிதான் பார்த்தான், பாக்கியைத் தானே சேர்த்துக்கொண்டான். இந்தக் கடிதத்தையும் அவன் கையில்தான் கொடுத்து அனுப்பப் போகிறேன், வேறு வழியில்லை, உங்கள் மலையில் போனும் எடுக்காது. ஒட்டித்தான் அனுப்புகிறேன். பிரித்திருந்தால் அவனுக்குக் குமிஸ் கொடுக்காதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளும் என் மருமகளுமான புருல், நேற்று, செவ்வாய்க்கிழமை அன்று, பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம் கட்டுகிற இடத்தில், மேஸ்திரியிலிருந்து மௌலவி வரைக்கும் ஊரே கூடியிருந்தபோது, என் பெயரைச் சொன்னாள். முணுமுணுக்கவில்லை, கத்தினாள். ஒரு தடவையோடும் நிற்கவில்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்வதென்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டம்மா உங்கள் தகப்பனார் பெயரை இன்றுவரைக்கும் சொன்னதில்லை, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சொன்னதில்லை. புருலும் அப்படி வளர்ந்த பெண்தான், அதை நான் மறுக்கவில்லை. வந்த நாளிலிருந்து அவள் எவ்வளவு ஒழுங்கு என்றால், தெமிர் என்றால் இரும்பு, அது என் பெயரில் இருக்கிறது என்பதற்காக இரும்பு என்ற சொல்லையே விட்டுவிட்டாள். அடுப்படியில் "அந்தக் கருப்புச் சட்டிய எடுங்க அத்தை" என்பாள். வேலைக்கு வந்த இடத்திலும் அப்படியே. "ரெண்டு லோடு கருப்பு வந்திருக்கு, எங்க எறக்க?" என்று கேட்பாள். இப்போது எங்கள் சைட்டில் சிமெண்டு லாரிக்காரர்கள்கூடக் கம்பியைக் கருப்பு என்றுதான் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பெண் என் பெயரை முழுசாக, தலையிலிருந்து கால்வரைக்கும், தொண்டை கிழியச் சொன்னாள் என்றால் நான் எழுதாமல் எப்படி இருப்பேன்?

முதலில் அவள் அங்கே எப்படி வந்தாள் என்று சொல்ல வேண்டும். அவள் வேலை பார்க்கும் கம்பெனியும் எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனியும் ஒன்றுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவள் பாதுகாப்பு அதிகாரி, நான் கிரேன் ஓட்டுகிறவன், அவள் பாட்டுக்கு அவள், நான் பாட்டுக்கு நான் என்று இருந்தோம். ஒருநாள் காலையில் கிரேனில் உட்கார்ந்து பார்த்தால் எதிரே மஞ்சள் ஹெல்மெட்டோடு என் மருமகள் நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணக்கம் சொன்னாள், ஹெல்மெட் கழன்று சேற்றில் விழுந்தது. அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான். வணக்கம் சொல்வாள், ஹெல்மெட் விழும், எடுத்துத் துடைத்து முக்காட்டின் மேல் மாட்டிக்கொள்வாள், பிறகு எனக்கு உத்தரவு போடுவாள். எனக்கு நேராக இல்லை. மாமனாருக்கு மருமகள் நேராக உத்தரவு போடலாமா? கீழே நின்று சங்கிலி மாட்டுகிற பெய்ஷெனைக் கூப்பிட்டு அவன் மூலமாக.

"பெய்ஷென் அண்ணே, மாமாகிட்ட சொல்லுங்க, கிரேனோட கை, நான் நட்டு வச்ச இந்தச் செவப்புக் கொடிக்கு அந்தப் பக்கம் போகவே கூடாது. மேல போறது பத்தாயிரம் வோல்ட்டு."

"பெய்ஷெனு, மருமககிட்ட சொல்லு, நான் கரண்டு கம்பிக்கு அடியில வேல பாத்தப்ப அவ பொறக்கவே இல்ல."

"பெய்ஷென் அண்ணே, அதனாலதான் பயமா இருக்குன்னு மாமாகிட்ட சொல்லுங்க. அந்தக் கம்பியத் தொடவே வேணாம், பக்கத்துல போனாலே தாவிடும்."

"தாவுறதுக்கு அது என்ன பூனையா?"

"ஏங்க, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான நிக்கிறீங்க, நான் எதுக்கு நடுவுல?" என்றான் பெய்ஷென். அவனுக்கு மரியாதை தெரியாது, பிஷ்கேக்கில் வளர்ந்தவன்.

கம்பி எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும், போன இலையுதிர்காலத்தில் குதிரைக்குப் புல் வாங்க வந்தபோது பார்த்திருக்கிறீர்கள். அந்த பாப்ளர் மரங்களை ஒட்டி வந்து, மண்டபத்தின் ஒரு மூலைக்கு மேலே குறுக்காகப் போகிறது. மற்ற எல்லாக் கூரைச் சட்டங்களையும் தூக்கி வைத்தாயிற்று. அந்த மூலைக்கு வரவேண்டிய கடைசிக் கூரைச் சட்டம் ஒன்றுதான் பாக்கி. அதைத் தூக்குவதற்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று புருல் மின்சாரக்காரர்களிடம் கேட்டு வைத்திருந்தாள், செவ்வாய்க்கிழமை நிறுத்துகிறோம் என்று அவர்களும் சொல்லியிருந்தார்கள். சரி, செவ்வாய் என்றால் செவ்வாய். கூரை மூடுகிற நாள் என்றால் சும்மா மூடலாமா? மேஸ்திரி இஸ்மார் ஒரு கிடா பிடித்துக்கொண்டு வந்தார். அவர் துங்கான் இனத்தவர், இந்த விஷயத்தில் நம்மைவிடக் கறார். விடிந்ததும் கிடாவை அறுத்தோம். வயதில் மூத்தவன் நான் என்பதால் நான்தான் கையேந்தி பாத்தா ஆசி சொன்னேன், இந்தக் கூரை நிலைக்கட்டும், இதன் கீழே பிள்ளைகள் ஓடட்டும் என்று. எல்லாரும் முகத்தைத் தடவி ஆமீன் சொன்னார்கள். அண்டாவை அடுப்பில் ஏற்றினோம். தலைமையாசிரியை வந்தார், பெற்றோர்கள் வந்தார்கள், மௌலவி வந்தார். அந்த நேரத்தில் போன் வருகிறது சம்பந்தி, மின்சாரம் இன்றைக்கு நிறுத்த முடியாது, எங்கேயோ கம்பம் சாய்ந்துவிட்டது, ஆட்கள் அங்கே போய்விட்டார்கள், நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று.

புருல் ஓடிவந்தாள். "இஸ்மார் அண்ணே, இன்னிக்குச் சட்டம் தூக்கக்கூடாது. நாளைக்கித்தான்."

"ஆட்ட அறுத்தாச்சேம்மா," என்றார் இஸ்மார்.

"அதுக்கு?"

"அதுக்குன்னா? அறுத்த ஆட்ட நாளைக்கி வரைக்கும் உக்காத்தி வைக்க முடியுமா? பாத்தா குடுத்தாச்சு. பாத்தா குடுத்த பின்னாடி வேலய நிறுத்துனா கட்டடத்துக்கு ஆகுமா?"

"அண்ணே, கறிய இன்னிக்குச் சாப்பிடுங்க, சட்டத்த நாளைக்குத் தூக்குங்க."

இதைக் கேட்டதும் அங்கே நின்றவர்கள் எல்லாரும் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கூரை மூடாமல் கூரைக்கறி தின்பதா? கல்யாணம் ஆகாமல் கல்யாணச் சாப்பாடு போடுவார்களா? இதை உங்கள் மகள் யோசிக்கவில்லை. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இருங்கள், நான் மறுபடியும் பேசிப் பார்க்கிறேன், ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்தச் சொல்கிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் போனாள். அங்கே போனால்தான் அவளுக்குச் சத்தம் தெளிவாகக் கேட்கும். போகும்போது பெய்ஷெனிடம், "மாமாவ வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெய்ஷென் சொன்னான். சொன்னானே ஒழிய, அண்டாப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னான்.

சம்பந்தி, நான் அந்தக் கொடிகளைப் பிடுங்கினேன் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். பிடுங்கவில்லை. சற்றுத் தள்ளி நட்டேன். கம்பிப் பக்கமாகத் தள்ளி நட்டேன், அவ்வளவுதான். வண்டியின் ஊன்றுகால்களைப் பரப்பி, கையை மேலே ஏற்றி, சட்டத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்கினேன். அது எழும்பிய அழகைப் பார்க்க வேண்டும் நீங்கள், ஒரு ஆட்டம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. கீழே பெய்ஷென் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சட்டம் சுற்றாமல் பார்த்துக்கொண்டான். கையால் பிடிக்கக் கூடாது, காய்ந்த கயிற்றால்தான் பிடிக்க வேண்டும் என்று புருல் அவனை ஒரு வாரமாகப் படுத்தி வைத்திருந்தாள், அவனும் திட்டிக்கொண்டே அதைத்தான் செய்துகொண்டிருந்தான். கம்பிக்கும் என் கிரேனின் நுனிக்கும் நடுவே ஒரு குதிரையே போகலாம் என்று எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து அப்படித்தான் தெரியும் சம்பந்தி, இதை அனுபவத்தில் சொல்கிறேன், கீழே உட்கார்ந்துகொண்டு மேலே உள்ள தூரத்தைக் கண்ணால் அளக்கவே முடியாது. அன்றைக்குக் காற்று வேறு. கம்பி ஊசலாடிக்கொண்டிருந்தது.

வாசலிலிருந்து "மாமா, நிறுத்துங்க, மாமா" என்று சத்தம் கேட்டது. கேட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாமா என்று அந்தக் குரல் வந்தால் திரும்பக்கூடாது என்று நான் மூன்று வாரமாகப் பழகியிருந்தேன், அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே எப்போதும் ஒரு கொடி வரும். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பெரிய துணியை யாரோ ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி இருந்தது. கண்ணாடி முழுக்க நீல வெளிச்சம். ஊன்றுகால்கள் நின்ற மண் புகைந்தது. கம்பி என் கிரேனின் நுனிச் சக்கரத்தில் போய் மாட்டிக்கொண்டிருந்தது, கையை இறக்கவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. பெய்ஷென் கயிற்றை விட்டுவிட்டு ஓடப் பார்த்தான், "ஓடாதீங்கண்ணே, ரெண்டு காலயும் சேத்து வச்சுக் குதிச்சுக் குதிச்சு வாங்க, காலப் பிரிக்காதீங்க" என்று புருல் கத்த, அந்தத் தடிமாடு கோணிப்பைக்குள் காலை விட்டவன் மாதிரி முற்றம் முழுக்கக் குதித்துக்கொண்டே போனான். பெற்றோர்கள் சிலர் இதுவும் விழாவில் ஒரு விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிறகு சத்தம் நின்றது. நீலமும் நின்றது. எல்லாம் அமைதி. எனக்கு நிம்மதி, மின்சாரம் போய்விட்டது, இறங்கிவிடலாம் என்று கதவைத் திறந்து படியில் ஒரு காலை வைத்தேன். மற்றக் காலைத் தரைக்கு நீட்டினேன்.

அப்போதுதான் கத்தினாள்.

"தெமிர்குல்! தெமிர்குல்! எறங்காத!"

சம்பந்தி, மரியாதையும் போயிற்று, இறங்காதீங்க கூட இல்லை, இறங்காத. என் தாய் இறந்த பிறகு என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. என் கால் அந்தரத்தில் நின்றுவிட்டது. வேறு யார் என்ன சொல்லியிருந்தாலும் அந்தக் கால் தரைக்குப் போயிருக்கும், நான் என் காலை அறிவேன். தன் வீட்டில் இரும்புச் சட்டியைக்கூடப் பெயர் சொல்லாத பெண் வாயிலிருந்து என் பெயர் வந்ததும் எனக்கு உடம்பே கல்லாகிவிட்டது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு நிற்கும்போது மறுபடியும் அந்தத் துணி கிழிகிற சத்தம், மறுபடியும் நீல வெளிச்சம், என் காலுக்கு ஒரு முழம் கீழே மண் வெடித்துப் பொரிந்தது. நின்ற மின்சாரம் தானாகவே திரும்பி வருமாம். அந்த மாதிரி ஒரு ஏற்பாடு மின்சாரக்காரர்கள் வைத்திருக்கிறார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாளாம், காலையில் எல்லாரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தபோது சொன்னாளாம், அப்போது நான் கிடாவைப் பார்க்கப் போயிருந்தேன்.

நான் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் தூரத்திலேயே நின்றுகொண்டு, யாரையும் பக்கத்தில் விடாமல், இப்போது பெய்ஷெனையும் நடுவில் வைக்காமல், நேராக எனக்கே சொன்னாள்.

"மாமா, உள்ளயே உக்காருங்க. எதையும் தொட வேணாம். தீப்புடிச்சா மட்டும் கதவுல நின்னு, வண்டியப் புடிக்காம, ரெண்டு காலயும் சேத்து வெளிய குதிங்க. வண்டியயும் தரையயும் ஒரே நேரத்துல தொட்டுறக்கூடாது. குதிச்சதும் அப்படியே தத்தித் தத்தி வாங்க."

"என் வயித்துக்கு அதெல்லாம் ஆகுமாம்மா?" என்றேன்.

"தீப்புடிச்சா ஆகும் மாமா."

தீப்பிடிக்கவில்லை. கடவுள் காப்பாற்றினார். ஆனால் சோதனை அதோடு முடியவில்லை. மின்சாரக்காரர்கள் அந்தச் சாய்ந்த கம்பத்தை விட்டு வந்து, நிறுத்தி, நிறுத்தியதை அளந்து பார்த்து, தரையோடு கம்பி கட்டி, சரி என்று சொல்லும்வரைக்கும் நான் அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. கீழே கறி வெந்துவிட்டது. வாசனை வருகிறது. விரிப்பு விரித்துவிட்டார்கள். ஆனால் யாரும் தொட முடியாது, ஏனென்றால் கிடாவின் தலை மூத்தவனுக்கு, மூத்தவன் வாயில் வைக்காமல் மற்றவர்கள் எப்படி வைப்பார்கள்? மூத்தவன் கிரேனில். தலையை என்னிடம் எப்படிக் கொண்டுவருவது என்று அங்கே ஒரு ஆலோசனையே நடந்தது. நீளக் குச்சியில் குத்தி நீட்டலாம் என்று ஒருவர் சொன்னார், உங்கள் மகள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பின்வாங்கிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் மௌலவி யோசனை சொன்னார், "பெரியவரே, அங்கேருந்தே பாத்தா குடுத்துடுங்க, நாங்க ஆரம்பிச்சுடறோம்."

நல்ல மனிதர், பசி தாங்காதவர். சரியென்று நான் கண்ணாடியை இறக்கி இரண்டு கையையும் ஏந்தி வெளியே நீட்டினேன்.

"கைய உள்ள எடுங்க மாமா" என்று மறுபடியும் கத்தல். கடவுளிடம் கையேந்துகிறவனைக் கையை உள்ளே எடு என்று சொன்ன மருமகளை இந்த வட்டாரத்தில் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எடுத்தேன். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் நான் வாயை அசைத்தேன், கீழே எல்லாரும் அதுதான் என்று நினைத்து ஆமீன் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். நான் உண்மையில் பாத்தா சொல்லவில்லை, அப்போது என் வாயில் வந்தது வேறு. புருல் மட்டும் சாப்பிடவில்லை. நான் இறங்குகிறவரைக்கும் ஒரே இடத்தில் நின்றாள். இறங்கியதும் பக்கத்தில் வந்து குனிந்தாள், ஹெல்மெட் விழுந்தது, அதை எடுக்கவில்லை. "மன்னிச்சிருங்க மாமா, பேரச் சொல்லிட்டேன்" என்றாள். நான் போய் ஆறிப்போன தலையைத் தின்றேன்.

இப்போது என்ன பிரச்சனை என்றால், இஸ்மார் சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "பெரியவரே, ஒங்க மேலயும் குத்தம் இருக்கு, ஒங்கள வண்டிய எடுக்கவிட்ட என் மேலயும் குத்தம் இருக்கு, அத விடுங்க. ஆனா இந்தப் பொண்ணால ஒங்களுக்கு உத்தரவு போட முடியல, ஒங்களால இதுக்குக் கட்டுப்பட முடியல. மாமனாரும் மருமகளும் ஒரே எடத்துல வேணாம். வெள்ளிக்கிழமைக்குள்ள யாராவது ஒருத்தர் போயிருங்க, யாருன்னு நீங்களே வீட்ல பேசிக்குங்க" என்றார். வீட்டில் பேசினோம். பேசினோம் என்றால் நான் பேசினேன், என் மகன் குபாத் சுவரைப் பார்த்தான், புருல் தலையைக் குனிந்துகொண்டு "மாமா சொன்னா சரி" என்றாள். என் மனைவி அனார்கான் என்ன சொன்னாள் தெரியுமா? நான் நியாயம் கேட்டேன், பெயரைச் சொல்லிவிட்டாளே, ஊர்முன் சொல்லிவிட்டாளே என்று. மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவ சொல்லலன்னா மௌலவி சொல்லியிருப்பாரு, ஒன்ன முன்னால படுக்கப்போட்டு" என்றாள். கட்டிய மனைவி பேசுகிற பேச்சா இது? அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் மாவை அடித்தாள். அவ்வளவு அடி அந்த மாவுக்குத் தேவையே இல்லை.

ஆகவே சம்பந்தி, நான் கேட்பது இதுதான். நீங்கள் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இறங்கி வரவேண்டும். நம் முறைப்படி குற்றத்துக்கு ஒரு மேலங்கி கொண்டுவந்து என் தோளில் போர்த்தினால் பெயர் விஷயத்தை நான் விட்டுவிடுவேன். பிறகு உங்கள் மகளிடம் நீங்களே சொல்லுங்கள், அம்மா, இந்த வேலை போதும், விட்டுவிடு, வீட்டோடு இரு என்று. மாமா சொன்னால் சரி என்கிறாள், ஆனால் நான் சொல்ல வாயைத் திறந்தால் அவள் எடுக்காமல் விட்ட ஹெல்மெட் ஞாபகம் வந்து வேறு ஏதோ கேட்டுவிடுகிறேன். நேற்றுக் கேட்டது, தேநீரில் சர்க்கரை போட்டாயா. தகப்பன் சொன்னால் முறையாக இருக்கும். நான் கிரேனைவிட்டு எங்கே போவேன்? எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

உங்கள் மந்தை பெருகட்டும், ஓநாய்க்கு உங்கள் மலைப்பாதை மறந்துபோகட்டும், கூடாரத்தின் உச்சித் துளையில் புகை நேராக மேலே போகட்டும். சம்பந்தியம்மாவுக்கு அனார்கானின் வணக்கம். நாய்க்கு என் வணக்கம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
தெமிர்குல்

பின்குறிப்பு: வியாழக்கிழமை. லாரிக்காரன் டயர் பஞ்சர் என்று நேற்று வரவில்லை, அதனால் ஒட்டியதைப் பிரித்து எழுதுகிறேன், பிரித்தது நான்தான், அவனுக்குக் குமிஸ் கொடுத்துவிடுங்கள்.

என் வண்டி பழுதாகி ஒதுங்கிக் கிடக்கிறது, இன்று காலையில் அதிலிருந்து என் இருக்கைத் துணியையும் தேநீர்ப் புட்டியையும் எடுத்துவரச் சைட்டுக்குப் போனேன். என் இடத்தில் பாலிக்சி ஊரிலிருந்து வாடகைக்கு வந்த கிரேன்காரன் ஒருவன், நல்ல தடியன், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டே செங்கல் இறக்கிக்கொண்டிருந்தான். கம்பியில் மறுபடியும் மின்சாரம் விட்டிருந்தார்கள், அதே கம்பி. புருல் கொடிக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் நில்லுங்கண்ணே, கை கொடியத் தாண்டுது" என்கிறாள். அவள் குரல் உங்களுக்குத் தெரியும், வீட்டுக்குள்ளேயே பாதிதான் கேட்கும். கத்துவதற்கு இவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் இவன் நின்றிருக்க மாட்டான், இவன் இவளுக்கு யார், இவள் இவனுக்கு யார்? அவன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான், கை மேலே போய்க்கொண்டே இருந்தது. வண்டிக்குக் கீழே செங்கல் அடுக்குகிறவர்கள் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சம்பந்தி, அப்போதுதான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். என் ஆயுசில் முதல் தடவை கிரேனுக்குள் உட்காராமல் வெளியே நின்று பார்த்தேன். குதிரை போகிற இடமாவது ஒன்றாவது, கோழி போகக்கூட இடமில்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது, சம்பந்தியம்மா படிப்பார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டது. தடியன் காதில் மாட்டியதைக் கழற்றினான், கையை இறக்கினான்.

"யாரு இந்தப் பெரியவரு?" என்று புருலைக் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பெயரைச் சொல்வாளோ என்று எனக்கு ஒரு நப்பாசை. "என் மாமா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்கூட வேல பாக்குறாரு" என்றாள்.

நான் நேராக இஸ்மாரிடம் போனேன். ஒருவர் போகவேண்டும் என்றால் கிரேன்காரன் போகிறான், அதிகாரி இருக்கட்டும் என்றேன். கிரேனுக்கு இந்தத் தடியனையே வைத்துக்கொள்ளுங்கள், நான் தரையில் கொடி பிடித்து நிற்கிறேன், அவள் மெல்லச் சொல்வதை நான் கத்திச் சொல்கிறேன் என்றேன். "ஒங்களுக்குச் சைக காட்டத் தெரியுமா?" என்று கேட்டார். கத்தத் தெரியும் என்றேன். அவரும் குதிரையைத் தேடிப் போனவர்களைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அதனால் நீங்கள் வெள்ளிக்கிழமை வரவேண்டாம். சனிக்கிழமை வாருங்கள், அன்றைக்குக் கடைசிச் சட்டத்தைத் தூக்க நிச்சயமாக மின்சாரத்தை நிறுத்துகிறார்களாம், நிறுத்திய பிறகுதான் அடுத்த கிடாவை அறுக்க வேண்டும் என்று புருல் சொல்லிவிட்டாள், இஸ்மாரும் தலையாட்டிவிட்டார். மேலங்கி கொண்டுவர வேண்டாம், அதை நான் வாங்கி வைத்திருக்கிறேன், உங்கள் தோளில்தான் போர்த்துவேன், அளவு தெரியாததால் பெரிதாகவே வாங்கினேன். வேலையை விடு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். பெயரைச் சொன்னதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்தேன், "சரி மாமா" என்கிறாள், அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறாள். அன்றைக்கு அந்தப் பெயரை அவள் சொன்னதால்தான் இன்றைக்கு அதைக் கடிதத்தின் அடியில் நானே எழுத முடிந்தது என்று தகப்பன் வாயால் சொன்னால் ஒருவேளை நம்புவாள்.

கொடி பிடிக்கிறவர்களுக்கும் நாளைக் காலையில் பரீட்சை இருக்கிறதாம், அவள்தான் வைக்கிறாளாம். நான் இப்போது முற்றத்தில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன், அனார்கான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்குறிப்புக்கு மேலே உள்ளதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள் சம்பந்தி. கீழே உள்ளதை மட்டும் சம்பந்தியம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.